சோல் இசையின் மீள்வருகையும் நமது பாடசாலைகளின் பித்தளை வாத்தியங்களும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் பத்திரிகையின் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த, மேலைத்தேய இசையின் இன்றைய போக்குகள் பற்றிய கட்டுரையை ஆர்வத்தோடு வாசித்தேன். பலரும் தொடாத ஒரு துறையைப் பற்றித் தமிழில் எழுத முன்வந்த கட்டுரையாளர் பாராட்டுக்குரியவர். ஆயினும், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே எழுந்த 1960களின் சோல், ஃபங்க் இசையை அதன் பழைய முரட்டுத்தன்மையோடும் ஊதுவாத்தியங்களின் முழக்கத்தோடும் இன்று மேடையேற்றும் குழுக்களை, பழைய இசைத்தட்டுகளைப் பிரதிபண்ணுவோர் என்று அவர் ஒரே பத்தியில் ஒதுக்கிவிட்டுச் சென்றிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. திருகோணமலையில் பாடசாலைப் பாண்ட் வாத்தியக் குழுக்களைப் பல ஆண்டுகள் பயிற்றுவித்து ஓய்வுபெற்றவன் நான். சோல் இசையை இன்று மேடையேற்றும் அந்தக் குழுக்கள் மீட்டுக் கொடுத்தவற்றுள் முதன்மையானது ஊதுவாத்தியக்காரருக்கான தொழில் என்பது என் கருத்து. அது நமது ஊரின் நிலைமைக்கும் நேராகப் பொருந்துவதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாதெனில் சுருக்கிக்கொள்ளத் தங்களுக்கு உரிமையுண்டு.

கட்டுரையாளர் பொதுப்படச் சொன்னதை ஒரு குழுவை முன்வைத்துப் பார்ப்பது நல்லது. நியூயோர்க் நகரின் புரூக்ளின் பகுதியிலிருந்து வந்த ‘ஷரோன் ஜோன்ஸ் அன்ட் த டாப்-கிங்ஸ்’ என்ற குழுவை எடுத்துக்கொள்கிறேன். ஷரோன் ஜோன்ஸ் 1956 இல் ஜோர்ஜியா மாநிலத்தின் ஒகஸ்டா நகரில் பிறந்தவர். ஃபங்க் இசையின் மூலவரான ஜேம்ஸ் பிரவுண் வளர்ந்த ஊரும் அதுவே. தேவாலயத்தில் பாடிப் பழகிப் புரூக்ளினில் வளர்ந்த அவரை, நிறம் கறுப்பு, உடல் பருமன், உயரம் குறைவு, வயதும் கடந்துவிட்டது என்று காரணங்களை அடுக்கி இசைத்தட்டு நிறுவனத்தார் திருப்பியனுப்பிய கதையை அவரே பேட்டிகளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பிழைப்புக்காக ரைக்கர்ஸ் தீவுச் சிறைச்சாலையில் காவல் அலுவலராகவும், பணம் ஏற்றிச் செல்லும் கவச வாகனத்தின் பாதுகாவலராகவும் வேலை பார்த்தார். திருமண வைபவங்களிலும் பாடினார். 1996 இல் லீ ஃபீல்ட்ஸ் என்ற பாடகரின் ஒலிப்பதிவொன்றுக்குப் பின்னணிக் குரல் கொடுக்க மூவர் தேவைப்பட்டபோது, மூவரின் பகுதிகளையும் தாம் ஒருவரே பாடி முடித்தார். அப்போது அவருக்கு வயது 40. அவரது பெயரில் முதலாவது இசைத்தொகுப்பு வெளிவந்தது 2002 ஆம் ஆண்டில்தான்.

கட்டுரையாளரின் குற்றச்சாட்டில் உண்மையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஒலிப்பதிவை நடத்திய கேப்ரியல் ரோத், பிலிப் லேமன் என்ற இருவரும் 1990களில் ‘டெஸ்கோ’ என்ற சிறிய நிறுவனத்தை நடத்தியபோது, 1970களில் வந்த ஒரு குங்ஃபூ திரைப்படத்தின் பின்னணி இசை என்று பொய்வேடம் போட்டே ஓர் இசைத்தட்டை வெளியிட்டார்கள். அப்படியொரு படம் எடுக்கப்படவே இல்லை. பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரிப்போரை ஏமாற்றிப் பார்க்கும் இளைஞர்களின் விளையாட்டு அது. கட்டுரையாளர் இந்தக் கட்டத்தை மட்டும் வைத்துப் பேசியிருந்தால் நானும் அவரோடு சேர்ந்து தலையாட்டியிருப்பேன். ஆனால் மேடையில் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, வேர்த்து வழிய ஆடிப்பாடும் நாற்பது வயதைக் கடந்த ஒரு பெண்ணை எந்தப் பழைய உறைக்குள்ளும் போட்டு ஒளிக்க முடியாது. ஜோன்ஸ் வந்துசேர்ந்ததோடு அந்த வேடம் தேவையற்றுப் போயிற்று. டெஸ்கோ கலைந்தபின் ரோத்தும் சக்ஸபோன் கலைஞரான நீல் சுகர்மனும் 2001 இல் ‘டாப்டோன்’ நிறுவனத்தைத் தொடங்கினார்கள். புரூக்ளினின் புஷ்விக் பகுதியில் இருந்த ஒரு பழைய வீட்டைக் குழுவினரே கைகொடுத்து ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றியெடுத்தார்கள்.

ஒரு வீட்டுக்குள் எல்லோரும் கூடி இசை செய்வது இவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த முறையன்று. மெம்பிஸ் நகரில் ‘ஸ்டாக்ஸ்’ நிறுவனம் 1960களில் ஒரு பழைய திரையரங்கைத்தான் கூடமாக்கியிருந்தது. ஆசனங்களுக்காகச் சரிவாகக் கட்டப்பட்ட தரையைக்கூட அவர்கள் சமப்படுத்தவில்லை. நிறத்தால் பிரிந்து கிடந்த அந்த நகரில், அந்தச் சரிந்த தரையில் கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாக நின்று வாசித்தார்கள். ட்ரம்பெட் ஊதிய வேய்ன் ஜாக்சன் வெள்ளையர், டெனர் சக்ஸபோன் ஊதிய அண்ட்ரூ லவ் கறுப்பர். பின்னர் ‘மெம்பிஸ் ஹோர்ன்ஸ்’ என்று புகழ்பெற்றவர்கள் இவர்களே. அங்கு இசைக்குறிப்பு எழுதி நீட்டும் வழக்கம் பெரும்பாலும் இருக்கவில்லை. அங்கு பாடிய ஓட்டிஸ் ரெடிங் தமக்கு வேண்டிய ஊதுவாத்தியப் பகுதிகளை வாயாலேயே பாடிக் காட்டுவார். கேட்டவர்கள் அங்கேயே ஊதிப் பிடித்துக்கொள்வார்கள். நமது நாதஸ்வர வித்துவான்கள் கேள்வி ஞானத்தால் வளர்ந்தவர்கள் என்பதை அறிந்த எவருக்கும் இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

ஜேம்ஸ் பிரவுண் செய்தது இன்னொரு வகை. சாதாரண ரிதம் அன்ட் புளூஸ் பாடல்களில் நான்கு அடிகளில் இரண்டாவதும் நான்காவதும் அழுத்தம் பெறும். அவர் அழுத்தத்தை முதலாவது அடிக்கு, அதாவது நமது தாள மரபில் சமம் என்று சொல்லப்படும் இடத்துக்குக் கொண்டுவந்தார். 1965 முதல் 1967 வரையான அவரது பதிவுகளை வரிசையாகக் கேட்டால் இந்த மாற்றம் துலக்கமாகத் தெரியும்: சுரக்கோவைகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்கள்) நகர்வது குறைந்துகொண்டே போக, கிற்றார், பேஸ் கிற்றார், ட்ரம்பெட், குரல் எல்லாமே தாள வாத்தியங்களாக மாறுகின்றன. பீ வீ எலிஸ், மேசியோ பார்க்கர், ஃபிரெட் வெஸ்லி ஆகிய ஊதுவாத்தியக்காரர்கள் ஒரு நெடிய இராகத்தை ஊதுவதற்காக அங்கு நிறுத்தப்படவில்லை. இரண்டு சுரம், மூன்று சுரம், அதையும் வெட்டி நிறுத்திவிட்டு அடுத்த சமத்துக்குக் காத்திருப்பதற்காகவே நிறுத்தப்பட்டார்கள். பிழையாக ஊதியவருக்குப் பிரவுண் மேடையிலேயே விரலால் சைகை காட்டித் தண்டப்பணம் விதிப்பார் என்பது பிரசித்தம். (பாடசாலையில் இம்முறையைக் கையாள முடியவில்லையே என்று எனக்கு அவ்வப்போது ஏக்கம் ஏற்பட்டதுண்டு.) அதே பிரவுணின் குழுவில் பெரும்பாலானோர் 1970 இல் ஊதியப் பிணக்கில் விலகிப் போனதும் பிரசித்தமே. ஒழுங்கை வற்புறுத்துகிறவர் கூலியையும் ஒழுங்காகக் கொடுக்க வேண்டும். இதைப் பின்னால் மீண்டும் பேசவேண்டியிருக்கிறது.

மூவர் சேர்ந்து ஊதும் ஒரு சிறு வெட்டொலிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று வாசகர்கள் கேட்கலாம். பித்தளை வாத்தியத்தை மெதுவாக ஊதும்போது ஒலி மிருதுவாக இருக்கும். அழுத்தி ஊதும்போது ஒலி பெரிதாவதோடு நில்லாமல், அதனுள் அடங்கிய மேற்சுரங்கள் பெருகி, ஒலியின் நிறமே மாறிப் பளிச்சென்று எரியும். இந்த மாற்றம் ஒரே மூச்சுக்குள், ஒரு விநாடியின் சிறு பகுதிக்குள் நிகழ்கிறது. அடுத்து, ஒரே சுரத்தை மூவர் ஊதும்போது மூவரின் சுருதியும் தொடக்கமும் மயிரிழை அளவுக்கு வேறுபடும். அந்த வேறுபாடே ஒலிக்குக் கனத்தைத் தருகிறது. நாவால் காற்றைத் தட்டி விடுவதும் வெட்டுவதும் ஊதுகிறவரின் உடற்பழக்கம். நாதஸ்வரத்தில் துத்துகாரம் என்று பயிலப்படும் நுட்பத்தை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. டாப்-கிங்ஸ் குழுவில் ட்ரம்பெட், டெனர் சக்ஸபோன், பரிட்டோன் சக்ஸபோன் ஆகிய மூன்றும் நின்றன. இவற்றுள் பரிட்டோனே அந்தக் குழுவின் இரகசியம் என்று நான் நினைக்கிறேன். பேஸ் கிற்றாரின் பாதையில் அடித்தொண்டையால் உறுமிக்கொண்டு அது போகும்போது, மேலே ட்ரம்பெட் எவ்வளவு கூர்மையாகக் கத்தினாலும் பாட்டு நிலத்தை விட்டு எழும்பாது.

சுரத்தட்டு வாத்தியம் ஒன்றில் ‘பிராஸ்’ என்று எழுதிய பொத்தானை அழுத்தினால் இவை எல்லாம் கிடைத்துவிடும் என்று 1980களில் உலகம் நம்பியது. 1980 இல் ரோலண்ட் நிறுவனத்தின் தாள இயந்திரமும் 1983 இல் யமஹாவின் டிஎக்ஸ்7 என்ற சிந்தசைசரும் (மின்னணுவால் ஒலியை உருவாக்கும் சுரத்தட்டு வாத்தியம்) வந்தபின், மூன்று ஊதுவாத்தியக்காரருக்குச் சம்பளமும் சாப்பாடும் பயணச் செலவும் கொடுத்துக்கொண்டிருந்த குழுத் தலைவர்கள் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு யாருக்குச் சாதகமாக முடிந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இயந்திரங்களால் நல்ல இசையே வரவில்லை என்று நான் வாதிடவில்லை. வந்தது, மிக நல்ல இசையும் வந்தது. பழைய ஃபங்க் பதிவுகளிலிருந்து சில விநாடிகளை வெட்டியெடுத்து ஹிப்-ஹொப் இசைஞர்கள் புதிய பாடல்களைக் கட்டினார்கள். ஜேம்ஸ் பிரவுணின் தாள வாத்தியக்காரரான கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் 1969 இல் ஓர் ஒலிப்பதிவின்போது வாசித்த சில அடிகள் எண்ணற்ற பாடல்களுக்குள் புகுந்திருக்கின்றன. எனினும் அதற்கென ஸ்டபிள்ஃபீல்டுக்கு உரிமைத்தொகை கிடைக்கவில்லை. ஒலி பிழைத்துக்கொண்டது, வாசித்தவர் கைவிடப்பட்டார். கட்டுரையாளர் நகல் என்ற சொல்லைப் பயன்படுத்த விரும்பினால் அதற்குப் பொருத்தமான இடம் இதுதான்.

டாப்டோன் வீட்டில் எட்டுத் தடங்களே கொண்ட காந்த நாடாவில் ஒலிப்பதிவு செய்தார்கள் என்பதைக் கட்டுரையாளர் பழைமைப் பற்று என்று எடுத்துக்கொள்ளக்கூடும். எட்டுத் தடம் என்பதன் நடைமுறைப் பொருள் வேறு. கணினியில் எத்தனை தடம் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து வாசித்துவிட்டுப் போகலாம். பிழையைப் பிறகு திருத்தலாம். எட்டே தடம் என்றால் ட்ரம்பெட்டும் இரண்டு சக்ஸபோன்களும் ஒரே ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, யார் எவ்வளவு தள்ளி நிற்பது என்பதைத் தாமே தீர்மானித்து, ஒரே தடத்தில் பதிய வேண்டும். ஒருவர் தவறினால் மூவரும் மறுபடி ஊத வேண்டும். ஆகவே முன்கூட்டியே சேர்ந்து பயில வேண்டும்; சேர்ந்து பயில வேண்டுமானால் ஒரே ஆட்கள் நிலையாக இருக்க வேண்டும். ஒலியில் நாம் கேட்கும் முரட்டுத்தன்மை, அதாவது சற்றே கிழிந்தாற்போன்ற அந்த ட்ரம்பெட் விளிம்பும், தாள வாத்தியத்தின் ஒலி மற்ற ஒலிவாங்கிகளுக்குள்ளும் கசிந்து வருவதும், பலர் ஓர் அறையில் ஒன்றாக இருந்தார்கள் என்பதன் தடயம். அதை இயந்திரத்தால் பின்னர் பூசிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கட்டுரையாளர் சொன்னது சரியே.

இந்த நிலையான கூட்டுழைப்பின் மதிப்பைப் பெருநிறுவனங்களும் விரைவில் கண்டுகொண்டன. 2006 இல் வெளிவந்து உலகெங்கும் விற்பனையான, பிரித்தானியப் பாடகி ஏமி வைன்ஹவுஸின் இரண்டாவது இசைத்தொகுப்பில், தயாரிப்பாளர் மார்க் ரொன்சன் பொறுப்பேற்ற பாடல்களில் கேட்பது பெரும்பாலும் இதே டாப்-கிங்ஸ் கலைஞர்களின் வாசிப்புத்தான். அவரது அமெரிக்கச் சுற்றுப்பயணத்திலும் அவர்களே பின்னணி வாசித்தார்கள். 2008 இல் வைன்ஹவுஸ் ஐந்து கிராமி விருதுகளைப் பெற்றார். அதே கலைஞர்களை ஆண்டுக்கணக்கில் முன்னின்று வழிநடத்திய ஜோன்ஸுக்கு 2014 இல் வந்த தொகுப்பின் பேரில் ஒரு கிராமிப் பரிந்துரை கிடைத்ததோடு சரி. இளமையும் வெள்ளைத் தோலும் உள்ள ஒரு பாடகியின் பின்னால் நின்றபோது அதே ட்ரம்பெட்டுக்கு உலகம் காது கொடுத்தது என்று சொன்னால் அது வைன்ஹவுஸின் ஆற்றலைக் குறைத்துப் பேசுவதாகாது. அவரும் அரிய பாடகியே.

இங்கே கட்டுரையாளர் எழுப்பாத, ஆனால் எழுப்பியிருக்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. கறுப்பின மக்களின் துயரிலும் வழிபாட்டிலும் பிறந்த இசையை, அதன் முதல் கலைஞர்கள் பலர் வறுமையில் ஒதுங்கிவிட்ட பின்னர், வெள்ளை இளைஞர்கள் எடுத்து நடத்துவது முறைதானா? டாப்-கிங்ஸ் குழுவில் வெள்ளையரும் இருந்தார்கள், கறுப்பரும் இருந்தார்கள். நிறுவனத்தை நடத்தியவர்கள் வெள்ளையர். ஸ்டாக்ஸிலும் உரிமையாளர் வெள்ளையரே என்று சொல்லித் தப்பிக்க நான் விரும்பவில்லை. அங்கும் பணம் எங்கே போயிற்று என்ற கேள்வி இருந்தது. நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: அந்த இசையை உயிரோடு சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு இந்த மீள்வருகையால் வேலை கிடைத்ததா, மேடையின் முன்வரிசை கிடைத்ததா? சார்ள்ஸ் பிராட்லி என்ற பாடகர் சமையல்காரராக வேலை செய்தும், ஜேம்ஸ் பிரவுணைப் போல வேடமிட்டுப் பாடியும் காலம் கழித்தவர். 2011 இல் டாப்டோன் அவரது முதலாவது தொகுப்பை அவரது சொந்தப் பெயரில் வெளியிட்டபோது அவருக்கு வயது 62. வேடத்தைக் கலைத்துவிட்டுத் தம் குரலில் பாட ஒரு மனிதருக்கு இடம் கொடுத்த இசையை நகல் என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. ஜோன்ஸ் 2013 இல் புற்றுநோய்க்கு உள்ளாகி, சிகிச்சையால் முடி உதிர்ந்த தலையோடு மேடையேறிப் பாடி, 2016 நவம்பரில் காலமானார். பிராட்லி அடுத்த ஆண்டு செப்டெம்பரில் காலமானார்.

இனி நம் ஊர் நிலைமைக்கு வருகிறேன். திருகோணமலை ஊதுவாத்தியங்களின் ஒலி கேட்டுப் பழகிய ஊர். கோணேசர் கோயில் திருவிழாவிலும் பத்திரகாளி அம்பாள் ஆலயத் திருவிழாவிலும் நாதஸ்வரமும் தவிலும் மல்லாரி வாசித்துச் சுவாமியை எழுந்தருளச் செய்வதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சொல் இல்லாமல், ஊதுவாத்தியமும் தோல்வாத்தியமும் மட்டுமே ஒரு தெருவை நிறைக்க முடியும் என்பதை நமக்கு யாரும் வெளியிலிருந்து வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. பித்தளை வாத்தியத்தின் வரலாறு வேறு. அது 1957 வரை இங்கிருந்த பிரித்தானியக் கடற்படையோடும், தேவாலயங்களோடும், பாடசாலை அணிநடையோடும் வந்தது. நம்மில் பலருக்கு ட்ரம்பெட் ஒலி முகாமையும் கொடியிறக்கத்தையும் நினைவூட்டும் ஒன்றாக இருப்பதை நான் அறிவேன். அந்த நினைவு காரணமின்றி வந்ததும் அல்ல. ஆனால் அந்த வாத்தியம் சீருடைக்கு மட்டும் உரியது என்று விட்டுவிட வேண்டியதில்லை.

பாடசாலையில் ஒரு பிள்ளை ஏழாம் எட்டாம் வகுப்பில் ட்ரம்பெட்டைக் கையில் எடுக்கிறது. உதட்டுத் தசை படிந்து நல்ல ஒலி வருவதற்கே ஓரிரு ஆண்டுகள் செல்லும். இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, பிரதம விருந்தினர் வரவேற்பு என்று சில அணிநடை மெட்டுகளையும் தேசிய கீதத்தையும் ஊதுகிறது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பெற்றோர் நிறுத்தச் சொல்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, ஏனெனில் தமிழ்மொழிப் பாடசாலைகளில் பெரும்பாலும் கர்நாடக சங்கீதமே பரீட்சைப் பாடமாக இருக்கிறது, பாண்ட் வாத்தியத்துக்குப் புள்ளி இல்லை. உயர்தரம் முடிந்து வெளியேறும் நாளில் வாத்தியம் களஞ்சிய அறைக்குத் திரும்புகிறது. அதன் பிறகு அந்தப் பிள்ளை வாழ்நாளில் மீண்டும் ஊதுவதற்கு இந்த ஊரில் ஓர் இடம் கிடையாது. கடற்காற்றின் உப்பில் பித்தளை களிம்பேறி, வால்வுகள் இறுகி, அடுத்த பிள்ளை எடுக்கும்போது அழுத்தினாலும் இறங்காத நிலையில் இருக்கும். மாதம் ஒருமுறை எண்ணெய் விட்டிருந்தால் இந்நிலை வந்திராது; எண்ணெய் வாங்க யாருடைய செலவுத் தலைப்பிலும் இடமிருப்பதில்லை.

அதே ஊரில் திருமண வரவேற்புகளுக்கும் கோயில் திருவிழாவின் இறுதிநாள் இன்னிசை நிகழ்ச்சிகளுக்கும் குறைவில்லை. ஒரு காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் கோஷ்டி என்று அழைக்கப்பட்ட மெல்லிசைக் குழுக்கள் ட்ரம்பெட்டும் சக்ஸபோனும் இல்லாமல் மேடையேறத் தயங்கின, எம்.எஸ். விஸ்வநாதன் காலத்துத் திரையிசையில் பித்தளை வாத்தியங்கள் வரும் இடங்களை வேறெப்படி வாசிப்பது? ஈழத்துப் பொப்பிசை எழுந்த காலத்திலும், சிங்களவரின் பைலா மேடைகளிலும் ஊதுவாத்தியத்துக்கு இடமிருந்தது. இன்றும் பாடசாலைகளுக்கிடையிலான பெரிய கிரிக்கெட் போட்டிகளில் பப்பரே வாத்தியக்காரர் இல்லாமல் கூட்டம் களைகட்டுவதில்லை. இப்போதைய தமிழ் மேடைகளில் ஒரு கீபோட் கலைஞர் முன்பே பதிந்த தடத்தை ஓடவிட்டு, அதன்மேல் வலக்கையால் மெட்டை வாசிக்கிறார். அவர்மீது எனக்குக் கோபம் கிடையாது. நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் கொடுக்கும் தொகையில் அவரும் ஒரு பாடகரும் ஒலிபெருக்கிக்காரரும் பிழைப்பதே பெரிய காரியம். ஆனால் அந்த மேடைக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்திருப்பவர்களுள் சிலர், பாடசாலைக் காலத்தில் அதே பகுதிகளை உண்மையான ட்ரம்பெட்டில் ஊதக்கூடியவர்களாக இருந்தவர்கள். டாப்டோன்காரர்கள் கண்டுபிடித்தது அமெரிக்காவிலும் இதே நிலைமையைத்தான்: ஊதத் தெரிந்தவர்கள் இருந்தார்கள், பாடத் தெரிந்தவர்கள் சிறைச்சாலைக் கதவைக் காவல் காத்துக்கொண்டிருந்தார்கள், அவர்கள் ஒன்றாக நிற்க ஓர் அறை மட்டும் இல்லாதிருந்தது.

ஆகவே கட்டுரையாளரோடு கருத்து வேறுபடுவதற்காக மட்டும் இக்கடிதத்தை எழுதவில்லை. மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களமும், நமது பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்களும் எண்ணிப் பார்க்கும்பொருட்டுச் சில யோசனைகளை முன்வைக்கிறேன். பாடசாலைகளை விட்டு வெளியேறிய ஊதுவாத்தியக்காரர்கள் வாரம் ஒரு மாலை ஒன்றுகூடிப் பயில ஒரு மண்டபத்தைத் திறந்துவிடலாம். களஞ்சிய அறையில் கிடக்கும் வாத்தியங்களைக் கையொப்பம் பெற்று இரவல் கொடுக்கலாம். சோல் இசையைத்தான் வாசிக்க வேண்டும் என்று நான் கட்டாயப்படுத்தவில்லை, ஆயினும் தொடக்கத்துக்கு அது மிகவும் பொருத்தமானது: பகுதிகள் குறுகியவை, சுரங்கள் சில, கடினம் எல்லாம் காலப்பிரமாணத்தில்தான் இருக்கிறது. தவில் கற்ற ஓர் இளைஞரைத் தாளப் பகுதியில் சேர்த்துக்கொண்டால் புரூக்ளின்காரர்கள் கேட்டிராத ஒன்றும் கிடைக்கக்கூடும். பரிட்டோன் சக்ஸபோன் விலைகூடியது, இப்போதைக்கு எட்டாது. பாண்ட் குழுக்களில் சும்மா கிடக்கும் யூஃபோனியத்தையோ ட்ரொம்போனையோ அந்த அடிப்பகுதிக்கு நிறுத்தலாம். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பும் உண்டு. கீபோட்டில் ஒரு பொத்தானை அழுத்திப் பாடகரின் சுருதிக்கு மாறிக்கொள்வது போல ட்ரம்பெட்டில் மாற முடியாது. கிற்றார் கலைஞர்கள் விரும்பும் சுருதிகள் ஊதுவாத்தியக்காரருக்குப் பெரும் சிரமம் தருபவை. பாடல் பட்டியலையும் சுருதியையும் நிகழ்ச்சியன்று மாலையில் சொல்லாமல் இரண்டு வாரங்களுக்கு முன்னர் சொல்லிவிட்டால், பாதிப் பிழைகள் தாமாகவே ஒழிந்துவிடும்.

கூலியைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இளைஞர்கள்தானே, ஆர்வத்துக்காக வாசிக்கட்டும், பொன்னாடையும் சான்றிதழும் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக இருக்கிறது. இரண்டு மூன்று நிகழ்ச்சிகள் அப்படி நடக்கும், அதற்கு மேல் நடக்காது. ஒரு திருமண வரவேற்பில் மேடை அலங்காரத்துக்குச் செலவிடும் தொகையில் சிறு பகுதியை ஒதுக்கினாலே மூன்று ஊதுவாத்தியக்காரருக்கு மதிப்பான கூலி கொடுக்க முடியும். திருவிழா உபயகாரர்கள் நாதஸ்வர, தவில் கலைஞர்களின் சம்பளத்தை முன்கூட்டியே பேசி முடிவுசெய்வது போல இங்கும் பேசி முடிவுசெய்துகொள்வது நல்லது.

தங்கள் பத்திரிகை பாடசாலைச் செய்திகளுக்கென்று பக்கம் ஒதுக்குவதை வாசகர்கள் நன்றியோடு அறிவர். அப்பக்கத்தில் பாண்ட் வாத்தியக் குழுக்களின் படங்களை வெளியிடும்போது, அணிநடையின் முன்னால் கோலைச் சுழற்றிச் செல்லும் தலைவரின் பெயரோடு, பின்வரிசையில் ட்ரம்பெட், ட்ரொம்போன் ஊதும் மாணவர்களின் பெயர்களையும் வாத்தியத்தைக் குறிப்பிட்டு அச்சிடுமாறு வேண்டுகிறேன். அப்பெயர்களைப் பார்த்து யாராவது ஒரு குழுத் தலைவர் அவர்களைத் தேடிப் போகக்கூடும். அத்துடன், கட்டுரையாளர் தமது அடுத்த கட்டுரையில் டாப்-கிங்ஸ் குழுவின் 2005, 2007 ஆம் ஆண்டுத் தொகுப்புகளைக் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்றும், அவற்றில் குரலை விட்டுவிட்டு ஊதுவாத்தியங்களை மட்டும் ஒருமுறை பின்தொடர்ந்து கேட்க வேண்டும் என்றும் அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பாண்ட் வாத்தியப் பயிற்றுநர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.